வோடனைச் சான்றுகளில் தேடுவது எப்படி? ஆங்கிலோ-சாக்சன் சமய நம்பிக்கைகளைக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிறிஸ்தவத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் யாரை வணங்கினார்கள் என்று தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஏதாவதொரு தொகுப்பு நூலைத் திறக்கிறார்கள். அதில் வடநாட்டுத் தெய்வமான ஒற்றைக்கண் ஓடினின் கதை, பெயரை மட்டும் வோடன் என்ற ஆங்கிலோ-சாக்சன் தெய்வமாக மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. படித்து முடித்ததும் ஆங்கிலோ-சாக்சன் புராணம் தெரிந்துவிட்டதாக ஒரு திருப்தி. உண்மையில் படித்ததோ ஐஸ்லாந்துக் கதை.

5ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்கள் தம் தெய்வங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைகளின் தொகுப்பு எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. வந்திருப்பவை துணுக்குகள்: துறவி ஒருவர் போகிறபோக்கில் எழுதிய வரி, ஓர் ஊரின் பெயர், மருந்து அரைக்கும்போது பாடிய பாட்டு, ஒரு கல்லறை, ஒரு தடைச்சட்டம். இவற்றை எந்த வரிசையில் எடுப்பது, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. வோடனையே எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்படியாகப் போவோம்.

தொடங்கும் முன் வேண்டியவை

முதலில் புத்தகங்கள். பீட் என்ற துறவி இலத்தீனில் எழுதிய இரண்டு நூல்களின் மொழிபெயர்ப்பு வேண்டும்: 725இல் எழுதிய காலக்கணக்கு நூல், 731இல் முடித்த ஆங்கிலேயத் திருச்சபை வரலாறு. வரலாற்றை மட்டும் வாங்கிக்கொண்டு காலக்கணக்கை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பழைய மாதங்களையும் பண்டிகைகளையும் பற்றிய அத்தியாயம் காலக்கணக்கு நூலில்தான் இருக்கிறது. அடுத்து, பழைய ஆங்கில மந்திரப் பாடல்களின் தொகுப்பு. ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்பு என்று அச்சிட்டதாகப் பார்த்து எடுங்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு பெயரும் முதலில் பதிவான ஆண்டைத் தரும் இங்கிலாந்து இடப்பெயர் அகராதி ஒன்று.

பழைய ஆங்கிலத்தைக் கற்றுத் தேற வேண்டியதில்லை. ஆனால் தார்ன் (þ), எத் (ð), ஆஷ் (æ) என்ற மூன்று எழுத்துகளைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும். இடித்தெய்வமான துனோரின் பெயரை ஒரு பதிப்பு தார்ன் எழுத்திலும் இன்னொன்று எத் எழுத்திலும் தொடங்கியிருக்கும். இன்றைய எழுத்துக்கூட்டலைப் போட்டு மின்பதிப்பில் தேடினால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். அப்படித் திரும்பியவர்கள் ‘சான்றே இல்லை’ என்று முடிவு கட்டியதும் உண்டு.

1. ஒரு தெய்வம், ஒரு தாள்

மொத்தச் சமயத்தையும் ஒரே மூச்சில் பிடிக்க முயலாதீர்கள். ஒரு தெய்வத்தை எடுத்து ஒரு தாளில் ஐந்து பத்திகள் வரையுங்கள்: என்ன சொல்லப்பட்டிருக்கிறது, யார் சொன்னது, எப்போது எழுதியது, எந்த வட்டாரம், சொன்னவருக்கு அதில் என்ன நோக்கம்.

ஐந்தாவது பத்திதான் பலருக்குக் காலியாகவே கிடக்கும். அதைத்தான் முதலில் நிரப்பப் பழக வேண்டும். நம்மிடம் உள்ள எழுத்துச் சான்று ஏறக்குறைய முழுவதும் கிறிஸ்தவர்கள் எழுதியது. பழைய நெறியைப் பற்றி அவர்கள் வாய் திறந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

முதல் தாளை வோடனுக்கே ஒதுக்குங்கள். எல்லா வகைச் சான்றும் அவருக்கு ஓரளவாவது இருப்பதால், ஒவ்வொரு வகையையும் கையாளப் பழக வசதி.

2. காலக்கோடு வரையுங்கள்

தாளின் பின்பக்கம் ஒரு கோடு. 5ஆம் நூற்றாண்டில் ஆங்கில், சாக்சன், ஜூட் மக்களின் குடியேற்றம். 597இல் ரோமிலிருந்து அகஸ்டின் கென்ட் நாட்டுக்கு வருகை. 627இல் நார்த்தம்ப்ரிய மன்னன் எட்வின் ஞானஸ்நானம். 655இல் பழைய நெறியைக் கைவிடாத மெர்சிய மன்னன் பெண்டா போரில் மடிகிறான். 686இல் வைட் தீவும் மதம் மாறுகிறது. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தின் மீது வைக்கிங் தாக்குதல். 1066இல் நார்மன் வெற்றி.

இந்தக் கோடு இல்லாமல் ஒரு சான்றையும் எடுக்காதீர்கள். ‘ஆங்கிலோ-சாக்சன் காலம்’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஆறு நூற்றாண்டுகளில், மன்னர்களே பழைய தெய்வங்களை வணங்கியது முதல் பாதிக்குள் முடிந்துவிட்டது. 793க்குப் பிறகு டென்மார்க், நார்வே நாட்டவர் தங்கள் தெய்வங்களோடு வந்து குடியேறினார்கள். ஆகவே 10ஆம் நூற்றாண்டு எழுத்தில் ‘அந்நிய தெய்வ வழிபாடு’ என்று பார்த்தால் எந்த அலையைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஆல்ஃப்ரிக் என்ற மடத்தலைவர் பொய்த் தெய்வங்களைக் கண்டித்து எழுதிய பிரசங்கத்தில் வருபவர்கள் தோரும் ஓடினும். டேனியர் சொல்லும் பெயர்கள் என்று அவரே குறிப்பிடுகிறார். அதை வோடன் தாளில் ஏற்றக் கூடாது.

3. பீடிலிருந்து தொடங்குங்கள்: அவர் சொல்ல வந்தது வேறு, வாய் தவறி வந்தது வேறு

பீட் வாழ்ந்தது பழைய நெறி மறைந்து இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள். ஆனால் ஏழு வயதிலிருந்தே மடத்தில் வளர்ந்தவர். அவரைப் படிக்கும்போது, வாதத்துக்குத் தேவைப்பட்டதால் சொன்னதையும், தேவையே இல்லாமல் உள்ளே வந்துவிட்ட விவரத்தையும் பிரித்துக் குறியுங்கள். இரண்டாவது வகைக்குத்தான் எடை அதிகம்.

கோய்ஃபி என்ற தலைமைப் பூசாரியின் கதை இதற்கு நல்ல பயிற்சி. எட்வினின் அவையில் அவர் எழுந்து, இந்தத் தெய்வங்களை என்னைவிட உழைத்து வணங்கியவர் யாருமில்லை, ஆனால் அரசனிடம் என்னைவிட அதிகச் சலுகை பெற்றவர்கள் பலர் என்று சொல்கிறார். பிறகு குட்மன்ஹாம் கோயிலுக்குள் ஈட்டியை எறிந்து, அதைக் கொளுத்தச் சொல்கிறார். பேச்சு பீடின் கைவண்ணம் என்று தயங்காமல் எழுதலாம். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: பூசாரி ஆயுதம் ஏந்தக் கூடாது, பெண்குதிரையில் மட்டுமே ஏறலாம். அதனால்தான் கோய்ஃபி அரசனிடம் ஆண்குதிரையும் ஆயுதமும் கேட்டு வாங்குகிறார். கதைக்கு இந்த விலக்கு உதவுகிறதுதான். என்றாலும் மடத்தில் உட்கார்ந்து கற்பனையில் எட்டும் விவரமல்ல இது. தாளில் ஏற்றுங்கள்.

இதைவிட உறுதியானது கிழக்கு ஆங்கிலியா மன்னன் ரெட்வால்டின் கோயில். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அவன் ஒரே கோயிலில் கிறிஸ்துவுக்கு ஒரு பலிபீடமும் பழைய தெய்வங்களுக்கு ஒரு சிறிய பீடமும் வைத்திருந்தான் என்கிறார் பீட். அந்தக் கோயிலைச் சிறுவயதில் கண்ணால் பார்த்ததாக மன்னன் எயல்ட்வுல்ஃப் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறார். எயல்ட்வுல்ஃப் பீடின் காலத்தவன். இப்படிச் சாட்சியின் பெயரோடு வரும் செய்தி இந்தத் துறையில் அபூர்வம்.

601இல் போப் கிரிகோரி எழுதிய கடிதத்தில் புதியவர்கள் சறுக்குவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அழித்துத் தீர்த்தம் தெளியுங்கள், மாடுகளை வெட்டுவது அவர்கள் வழக்கமென்றால் திருநாளில் வெட்டி உண்ணட்டும் என்று இங்கிலாந்துக்கு அனுப்பிய மெலிட்டஸ் என்ற துறவிக்கு அவர் எழுதுகிறார். இதை எடுத்துக்காட்டி, ‘இங்கிலாந்தின் பழைய தேவாலயங்கள் எல்லாம் கோயில் மேல் கட்டியவை’ என்று எழுதிவிடுகிறார்கள். கடிதம் சொல்வது யோசனை. நடந்ததன் அறிக்கை அல்ல. அதே ஆண்டில் அதே கிரிகோரி, கோயில்களை இடித்துத் தள்ளு என்று கென்ட் மன்னன் ஏதெல்பெர்ட்டுக்கும் எழுதியிருக்கிறார். இரண்டு கடிதங்களையும் அடுத்தடுத்து ஏற்றிவையுங்கள்.

4. கிழமையும் வம்சாவளியும்

இது சீக்கிரம் முடியும் படி. ஆங்கில வாரத்தில் செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாட்கள் டிவ், வோடன், துனோர், ஃப்ரிக் என்ற தெய்வங்களின் பெயர்களில் இருக்கின்றன. ரோமானிய வாரத்தின் மார்ஸ், மெர்குரி, ஜூபிடர், வீனஸ் இடங்களில் இவர்களை வைத்திருக்கிறார்கள். யாருக்கு யார் நிகர் என்று அக்காலத்தவர் கருதினார்கள் என்பதற்கு மட்டுமே இது சான்று. மெர்குரியின் குணங்களையெல்லாம் வோடனுக்கு மாற்றி எழுத இது அனுமதிச்சீட்டு ஆகாது.

பல அரச குடும்பங்கள் தங்களை வோடன் வழி வந்தவர்கள் என்றன. எசெக்ஸ் மன்னர்கள் மட்டும் சாக்ஸ்நெயட் என்பவரை முன்னோராகக் காட்டினார்கள். கிறிஸ்தவ மன்னர்களும் வோடனைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. மாறாக, அவருக்கும் மேலே முன்னோர்களைச் சேர்த்து நோவா வழியாக ஆதாம் வரை கொண்டுபோய்விட்டார்கள். கடவுளை மனிதனாக்கி வைத்துக்கொண்டால் சபைக்கும் சங்கடம் இல்லை, அரசனுக்கும் பெருமை குறையவில்லை.

5. இடப்பெயர்கள்: இன்றைய எழுத்தை நம்பாதீர்கள்

வரைபடத்தை விரித்து, காதுக்கு வோடன் போலக் கேட்கும் ஊரையெல்லாம் வட்டமிடுவது சுகமான பொழுதுபோக்கு. அதைச் செய்யாதீர்கள். முதலில் அகராதியில் மிகப் பழைய பதிவைப் பாருங்கள், பிறகு வட்டமிடுங்கள். வெட்ன்ஸ்பரி என்ற ஊர் 1086ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வாட்னெஸ்பெரி என்று பதிவாகியிருக்கிறது. வோடனின் கோட்டை என்று கொள்ளலாம். கென்ட்டில் வுட்னஸ்பரோ, தென்மேற்கே வான்ஸ்டைக் என்ற நெடிய மண்கரை ஆகியவையும் வோடன் பெயரைத் தாங்கியவை. துனோருக்கு எசெக்ஸில் தண்டர்ஸ்லி, டிவுக்கு வாரிக்‌ஷயரில் டைசோ.

தவறு நடப்பது ‘தர்ஸ்’ என்று தொடங்கும் பெயர்களில். நார்ஃபோக்கின் தர்ஸ்ஃபோர்டை துனோர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதிலிருப்பது அரக்கனைக் குறிக்கும் வேறொரு பழைய சொல். வடகிழக்கே உள்ள இதுபோன்ற பெயர்கள் பலவற்றில் இருப்பது தோர் பெயரைத் தன் பெயருக்குள் வைத்துக்கொண்ட ஒரு டேனிய விவசாயி, அவ்வளவுதான்.

தெய்வப் பெயரில்லாத வழிபாட்டிடப் பெயர்களையும் தனியே சேருங்கள். இன்று லண்டனுக்குள் இருக்கும் ஹாரோ குன்று, 767ஆம் ஆண்டு ஆவணத்தில் குமெனிங்கர் என்ற கூட்டத்தாரின் வழிபாட்டிடமாக வருகிறது. எந்தத் தெய்வம் என்று ஆவணம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயரில், பழைய கதைகளில் வரும் வேலண்ட் கொல்லனின் பட்டறை என்று ஒரு கல்லறை மேடு இருக்கிறது. அந்தப் பெயர் 955ஆம் ஆண்டு ஆவணத்தில் வருகிறது. மேட்டைக் கட்டியதோ கி.மு. நான்காம் ஆயிரத்தில், புதிய கற்காலத்தவர். பெயரை வைத்துக் கட்டடத்தின் காலத்தையோ, கட்டடத்தை வைத்துப் பெயரின் காலத்தையோ கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடையாது.

6. மந்திரப் பாடலை வெட்டாமல் படியுங்கள்

நேரம் அதிகம் செலவிட வேண்டிய படி இது. பழைய ஆங்கிலப் பாடல்களில் வோடனின் பெயர் ஐயமின்றி வருவது இரண்டே இடங்களில். ஒன்று, எக்ஸெட்டர் சுவடியில் உள்ள பழமொழிப் பாட்டு: வோடன் சிலைகளைச் செய்தான், எல்லாம் வல்லவரோ வானங்களைப் படைத்தார் என்று ஒரே வீச்சில் வோடனைக் கீழே தள்ளுகிறது. மற்றொன்று ஒன்பது மூலிகை மந்திரம்.

அந்த மந்திரத்தில் ஒரு பாம்பு ஊர்ந்து வருகிறது. வோடன் ஒன்பது மகிமைக் குச்சிகளை எடுத்து அடிக்கிறார். பாம்பு ஒன்பது துண்டுகளாய்ச் சிதறுகிறது. பழைய ஆங்கிலத்தில் வோடன் ஒரு கதைக்குள் செயல்படுவதை நாம் பார்ப்பது இந்த இடத்தில்தான். சில வரிகள் தள்ளி, செர்வில், பெருஞ்சீரகம் என்ற இரண்டு செடிகளைத் தொங்கிக்கொண்டிருந்தபடி படைத்த ஞானமிக்க இறைவன் வருகிறார். சிலுவையில் தொங்கிய கிறிஸ்து என்றுதான் பலரும் கொள்கிறார்கள். ஓடினும் மரத்தில் தொங்கியவராயிற்றே என்று உடனே தாவுகிறவர்கள் உண்டு. தாவல் சரியாகவே இருந்தாலும், அதற்கான ஆதாரம் ஐஸ்லாந்துச் சுவடியில் இருக்கிறது. ஆகவே 9ஆம் படி வரை அந்த எண்ணத்தை நிறுத்திவையுங்கள்.

புதியவர்கள் வோடன் வரிகளை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அந்த மிச்சத்தில்தான் பயன்பாடு இருக்கிறது. மூலிகைகளைப் பொடியாக்கிப் பழைய சோப்போடும் ஆப்பிள் சாற்றோடும் சேர்க்க வேண்டும். அரைப்பதற்கு முன் ஒவ்வொரு மூலிகை மீதும் மூன்று முறை பாட வேண்டும், ஆப்பிள் மீதும் அப்படியே. களிம்பைப் பூசும் முன் நோயாளியின் வாயிலும் இரு காதுகளிலும் புண்ணின் மேலும் அதே பாட்டைப் பாட வேண்டும். இது கோயில் துதி அல்ல, வைத்தியரின் செய்முறை. சுவடி கி.பி. 1000ஐ ஒட்டியது, அதாவது அகஸ்டின் வந்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு. எழுதிவைத்தவர் தன்னை நல்ல கிறிஸ்தவராகவே எண்ணியிருப்பார். இந்த மூன்று செய்திகளையும் வோடன் வரிகளுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வயலுக்கான மந்திரத்தையும் இதே முறையில் படித்துப் பழகலாம். விளைச்சல் குன்றிய நிலத்தின் நான்கு பக்கத்திலிருந்தும் விடியும் முன் நான்கு புல்கட்டிகளை வெட்டி எடுக்கிறார்கள். எண்ணெய், தேன், பால், தீர்த்தம் விடுகிறார்கள். கட்டிகளைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய், பச்சைப் பக்கம் பீடத்தைப் பார்க்க வைத்து, பாதிரியார் நான்கு பூசைகள் சொல்கிறார். சூரியன் மறையும் முன் கட்டிகள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு ஏரைப் பிடிக்கும்போது ‘எர்செ, எர்செ, எர்செ, மண்ணின் தாயே’ என்ற அழைப்பு. இந்த ஒரு வரியை எடுத்து ‘எர்செ தேவி’ என்று ஒரு தெய்வத்தையே உருவாக்கியவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல் பெயரா, விளியா, பொருளிழந்த ஒலியா என்பதே முடிவாகவில்லை.

7. மண்ணிலிருந்து வருவது

1939இல் கிழக்கு ஆங்கிலியாவின் சட்டன் ஹூவில் 27 மீட்டர் நீளக் கப்பலோடு ஒரு பெரியவர் அடக்கம் செய்யப்பட்டது வெளிப்பட்டது. ரெட்வால்டாக இருக்கலாம் என்று பரவலாகக் கருதுகிறார்கள். அத்தனை ஆடம்பரமான பழைய முறைப் புதையலில் சவுல், பவுல் என்ற பைபிள் பெயர்களாகக் கிரேக்க எழுத்தில் வாசிக்கப்படும் இரண்டு வெள்ளிக் கரண்டிகளும் இருந்தன. 2003இல் கண்டெடுத்த பிரிட்டில்வெல் அறைக்கல்லறையில் பொன் தகட்டுச் சிலுவைகள். பொருள் வைத்துப் புதைத்தால் பழைய நெறி, பொருளில்லாவிட்டால் கிறிஸ்தவம் என்ற வாய்ப்பாடு இந்த இரண்டு இடங்களிலும் உடைகிறது.

பொருளை விவரியுங்கள், பிறகு ஒரு வரி விட்டு விளக்கத்தை எழுதுங்கள். கென்ட்டின் ஃபிங்கிள்ஷாம் கல்லறையில் கிடைத்த இடுப்புப்பட்டைக் கொக்கியில் கச்சை மட்டும் அணிந்த மனிதன், கொம்புத் தலையணி, இரு கையிலும் ஈட்டி. இது விவரிப்பு. ‘வோடன்’ என்பது விளக்கம். கொக்கியில் எழுத்து எதுவும் இல்லை. யேவரிங் அகழாய்வில் ஒரு கட்டடச் சுவரோரம் குவிந்திருந்த மாட்டுத் தலையோடுகளைக் கிரிகோரியின் கடிதத்தோடு சேர்த்துப் படிக்க ஆசை வரும். சேர்த்துப் படிக்கலாம், ஆனால் சேர்த்தது நாம்தான் என்று குறித்துவிட்டுச் செய்யுங்கள்.

8. தடை விதித்தவர்களைக் கேளுங்கள்

கென்ட் மன்னன் விட்ரெட்டின் 695ஆம் ஆண்டுச் சட்டம், மனைவிக்குத் தெரியாமல் கணவன் பேய்களுக்குப் படைத்தால் அவனுக்குத் தண்டனை, இருவரும் சேர்ந்து படைத்தால் இருவருக்கும் தண்டனை என்கிறது. வீட்டுக்குள் நடந்த படையல் என்பது இந்த வாசகத்திலேயே தெரிகிறது. பேராயர் தியோடரின் பெயரில் வழங்கும் பாவத் தண்டனை நூல், இறந்தவர் கிடந்த இடத்தில் தானியம் எரிப்பதையும், காய்ச்சல் தீர மகளைக் கூரை மேலோ அடுப்பிலோ வைப்பதையும் கண்டிக்கிறது. இங்கே எந்தத் தெய்வத்தின் பெயரும் கிடையாது. ஆகவே வோடன் தாளில் இவற்றுக்கு இடமில்லை. ‘வீட்டு வழக்கம்’ என்று தனித் தாள் போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: இப்படிப்பட்ட தடைப்பட்டியல்களை ஒரு நாட்டுத் திருச்சபை இன்னொன்றிடமிருந்து நகலெடுப்பது வழக்கம். எந்த வரிக்கு ஐரோப்பாவில் மூத்த வடிவம் இருக்கிறது என்று பார்த்த பிறகே அதை இங்கிலாந்துச் செய்தியாக எண்ணுங்கள். மரம், கல், கிணறு, சூரியன், நிலா வழிபாட்டைத் தடுக்கும் கனூட் மன்னனின் சட்டமோ 11ஆம் நூற்றாண்டு. அதன் இலக்கு டேனியக் குடியேறிகளாக இருந்திருக்கலாம்.

9. ஐஸ்லாந்து கடைசியில், வேறு மையில்

இப்போதுதான் வடநாட்டுத் தெய்வக் கதைகளைச் சொல்லும் ஸ்னோரியின் எட்டா என்ற நூலைத் திறக்கலாம். அது 1220ஐ ஒட்டி ஐஸ்லாந்தில் ஒரு கிறிஸ்தவர் எழுதியது. பெண்டா இறந்து ஐந்தரை நூற்றாண்டுகள் கழித்து, கடலுக்கு அப்பால். அதிலிருந்து எடுப்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். எட்டுக்கால் குதிரை, ஓடினின் வல்ஹல்லா மண்டபம், லோகியின் சூழ்ச்சிகள், உலக முடிவுப் போர் ஆகிய எதற்கும் ஆங்கிலோ-சாக்சன் எழுத்தில் நேர்ச் சான்று இல்லை.

நெருங்கிய ஒப்பீடுகளை முதலில் தேடுங்கள். ஜெர்மனியின் பழைய சாக்சன் மக்களுக்கான ஞானஸ்நான உறுதிமொழி ஒன்று, துனோர், வோடன், சாக்ஸ்நோட் மூவரையும் கைவிடுகிறேன் என்று சொல்லவைக்கிறது. காலத்திலும் மொழியிலும் ஸ்னோரியைவிட எவ்வளவோ பக்கம். எசெக்ஸ் மன்னர்களின் முன்னோரான சாக்ஸ்நெயட் தெய்வமாகவே இருந்திருக்கக்கூடும் என்று நமக்குக் காட்டித்தருவதும் இதுதான். கி.பி. 98இல் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஆங்கில் மக்களையும் சேர்த்துச் சொல்லும் நெர்துஸ் தேவி வழிபாடு குடியேற்றத்துக்கு முன்னூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. அதுவும் சிவப்பு மைதான்.

நம்மவர்களுக்கென்றே ஒரு வழுக்கல் உண்டு: துனோர் என்றவுடன் இந்திரன் என்று எழுதிவிடுவது. இந்தோ-ஐரோப்பிய ஒப்பியல் தனித் துறை. அதன் முடிவுகளைத் துனோர் தாளில் சான்றாக ஏற்ற முடியாது.

10. சோதனைத் தாள்: ஏயோஸ்ட்ரே

முறை கைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க இந்தத் தேவியை எடுங்கள். முயலும் முட்டையும் இவருடைய சின்னங்கள் என்று ஈஸ்டர் வரும்போதெல்லாம் சுற்றுகிறதே, அவரேதான்.

தாளில் என்ன ஏறும்? பீடின் காலக்கணக்கு நூல்: ஏயோஸ்ட்ரே என்ற தேவியின் பெயரால் ஒரு மாதம் இருந்தது, அதில் விழா எடுத்தார்கள். அவ்வளவே. வேறு ஆங்கிலோ-சாக்சன் சான்று இல்லை. ஐந்தாவது பத்தியில், மாதப் பெயர்களை விளக்குவதுதான் பீடின் நோக்கம் என்று எழுதலாம். அதே அத்தியாயத்தில் டிசம்பர் 25ஐ ஒட்டிய அன்னையர் இரவும், கால்நடைகளை வெட்டிப் படைத்த நவம்பர் மாதமும் வருகின்றன. பீடே கற்பனை செய்த தேவி என்று சிலர் வாதிட்டார்கள். 1958இல் ஜெர்மனியின் மோர்க்கன்-ஹார்ஃப் ஊரில் ‘ஆஸ்ட்ரியஹெனே’ அன்னையருக்கு நேர்ந்த 150க்கும் மேற்பட்ட ரோமானியக் காலக் கற்கள் கிடைத்தன. பெயரின் வேர் ஒத்திருக்கிறது. சிவப்பு மையில் ஏற்றுங்கள்.

முயல்? 1874இல் ஹோல்ட்ஸ்மான் என்ற ஜெர்மானிய அறிஞர், முயல் அத்தேவியின் விலங்காக இருந்திருக்கலாம் என்று ஊகித்தார். பீடில் முயலும் இல்லை, முட்டையும் இல்லை. உங்கள் தாளில் முயல் கருப்பு மையில் இருந்தால் 3ஆம் படிக்குத் திரும்புங்கள்.

அடுத்த தாள்களுக்குத் துனோர், டிவ், ஃப்ரிக் என்ற வரிசை வசதியானது. ஃப்ரிக் தாளில் வெள்ளிக்கிழமையையும் விவாதத்துக்குரிய ஓரிரு இடப்பெயர்களையும் தவிர ஒன்றும் நிற்காது. மிச்ச இடத்தை நிரப்பாமல் அப்படியே கோப்பில் வையுங்கள்.